தோலாவிராவுக்குத் தண்ணீர் வந்த வழி



தோலாவிரா என்ற பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த எழுத்துப் பலகைதான். கோட்டையின் வடக்கு வாயிலை ஒட்டிக் கிடைத்தது. பத்துக் குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாணைவிட உயரம். வெள்ளைக் கனிமத் துண்டுகளை மரப்பலகையில் பதித்துச் செய்திருக்கிறார்கள். மரம் மக்கிப் போயிற்று. துண்டுகள் மட்டும் வரிசை கலையாமல் மண்ணுக்குள் கிடந்தன. சிந்துவெளி எழுத்துகளுக்கு 1977-இல் பெரிய தொகுப்பு நூலை உருவாக்கித் தந்த ஐராவதம் மகாதேவன் நம்மவர். ஆகவே அந்தக் குறியீடுகள் மீது நமக்குத் தனிப் பற்று இருப்பதில் வியப்பில்லை.

நான் இன்று பேச வந்தது அந்தப் பலகையைப் பற்றியல்ல. பொதுப்பணித் துறையில் ஏரி, கால்வாய், மதகு என்று வேலை பார்த்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் என் கண் முதலில் தேடும். தோலாவிராவையும் அப்படித்தான் பார்த்தேன். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நகரத்தின் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மறுபாதி தொல்லியல் துறையின் வேலிக்கு வெளியே, சின்காரா மான் மேயும் தரிசில் கிடக்கிறது. அந்த மறுபாதியை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் இடம். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பாகிஸ்தான் எல்லையை நோக்கி விரிந்து கிடக்கிறது பெரிய ரண். உப்புப் படிந்த சமவெளி. தென்மேற்குப் பருவமழையில் அதன்மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மழை ஓய்ந்தபின் அது மெல்ல வற்றி, குளிர்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளையாகக் காய்ந்துவிடும். அந்தச் சமவெளிக்கு நடுவே மேடான நிலங்கள் சில தீவுகளாக நிற்கின்றன. அவற்றை அங்கே 'பேட்' என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தீவுதான் கடீர். தோலாவிரா அந்தத் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள சிற்றூர். ஊருக்குப் பக்கத்தில் இருந்த மேட்டை ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகக் கோட்டடா என்று அழைத்து வந்தார்கள். கோட்டை இருந்த இடம் என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு பழைய கோட்டை என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1967-68-இல் தொல்லியல் துறையின் ஜகத்பதி ஜோஷி அது ஹரப்பா பண்பாட்டு நகரம் என்று இனங்கண்டார். 1990 முதல் 2005 வரை ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அகழாய்வு நடந்தது. 2021 ஜூலை 27-ஆம் நாள் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. இந்தியாவில் அது 40-ஆவது.

இந்தத் தீவைச் சுற்றி உள்ள ரண்தான் கட்ச் பாலைவனக் காட்டுயிர் சரணாலயம். 1986-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 7,500 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மிகப் பெரிய சரணாலயங்களுள் ஒன்று. காடு என்றால் மரம் என்று பழகிய நம் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால்தான் ஒவ்வொன்றாகப் புலப்படும். முட்புதர் ஓரத்தில் சின்காரா நிற்கும். நம்மைப் பார்த்துவிட்டால் வாலை உதறிக்கொண்டு சில அடி ஓடி, மறுபடி நின்று பார்க்கும். நீலான் கூட்டம் கடந்து போகும். பாலைவன நரியையும் கழுதைப்புலியையும் நேரில் பார்ப்பது அரிது. அவற்றின் காலடியைப் பார்க்கலாம்.

அங்கே நான் அதிகம் கவனித்த பறவை கல்கௌதாரி. காய்ந்த விதைகளைத் தின்று வாழ்கிற பறவை. ஆகவே அதற்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். எங்கே தண்ணீர் இருந்தாலும் கூட்டமாகப் பறந்து வந்து குடித்துவிட்டுப் போகும். குஞ்சுகளால் பறக்க முடியாதே! ஆண்பறவை தண்ணீருக்குள் இறங்கி, வயிற்றுப் பக்கத்து இறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு பல கிலோமீட்டர் பறந்து கூட்டுக்கு வரும். குஞ்சுகள் அந்த இறகுகளிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் கூடு கட்டினால் நரியும் பாம்பும் வரும். தண்ணீரை விட்டுத் தள்ளி வாழ்ந்துகொண்டு, அதைத் தன் இடத்துக்குக் கொண்டுவரும் வழியை அந்தப் பறவை கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ரண்ணுக்குள் பூநாரைகளின் இனப்பெருக்க இடம் ஒன்று உண்டு. 1945-இல் சாலிம் அலி அங்கே போய்ப் பார்த்து எழுதியதிலிருந்து அது பூநாரை நகரம் என்றே பெயர் பெற்றுவிட்டது. கட்ச் பறவைகளைப் பற்றிய அவருடைய நூலும் அதே ஆண்டு வெளிவந்தது. பூநாரை சேற்றைக் குவித்து மேடாக்கி, அதன் உச்சியில் முட்டையிடும். தண்ணீர் கூடினால் மேடு மூழ்கிவிடும். சீக்கிரம் வற்றினால் நரியும் நாயும் நடந்தே வந்து குஞ்சுகளைத் தூக்கிவிடும். மழை நன்றாகப் பெய்து, தண்ணீர் சரியான அளவில் சரியான காலம்வரை நிற்கும் ஆண்டுகளில்தான் அங்கே குஞ்சுகள் பெருகும். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் கூடு கட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு.

பறவையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிலத்தில் உயிர் வாழ்வதன் முதல் விதி மழையைக் கணக்குப் பார்ப்பது. பூநாரைக்கும் கல்கௌதாரிக்கும் அதே விதி. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே நகரம் கட்டியவர்களுக்கும் அதே விதி.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். தோலாவிராப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 260 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. சென்னையில் ஏறக்குறைய 1,400. அந்த 260-உம் சீராகப் பெய்வதில்லை. ஜூலை, ஆகஸ்டில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் கிடையாது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. தீவைச் சுற்றிலும் உப்புத் தரை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. இங்கேதான் கி.மு. 3000 அளவில் தொடங்கி, இடையில் தளர்ந்தும் எழுந்தும் கி.மு. 1500 வரை மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அதுவும் சிறு குடியிருப்பு அல்ல. வெளி மதில் 771 மீட்டர் நீளம், 617 மீட்டர் அகலம். நீளத்துக்கும் அகலத்துக்கும் 5-க்கு 4 என்ற விகிதம் பிசகாமல் அமைந்திருக்கிறது. உள்ளே கோட்டை, நடுநகர், கீழ்நகர் என்று மூன்று பிரிவுகள். மற்ற ஹரப்பா நகரங்களில் செங்கல்லைப் பார்க்கிறோம். இங்கே கல். தீவிலேயே வெட்டி எடுத்த சுண்ணாம்புக் கல்லை அப்படி இழைத்திருக்கிறார்கள்! சில தூண் துண்டுகள் இன்றும் கைபட்டால் வழுக்கும்.

நகரத்துக்கு வடக்கே மன்சர் என்ற ஓடை, தெற்கே மன்ஹர் என்ற ஓடை. இரண்டும் மழை பெய்தால் மட்டும் ஓடுபவை. மற்றக் காலத்தில் மணலும் கல்லும்தான். இந்த இரண்டு ஓடைகளுக்கும் நடுவில் உள்ள சரிவைப் பார்த்து நகரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நீர்த்தேக்கங்கள் அமைந்த பகுதியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் 13 மீட்டர் இறக்கம் இருக்கிறது. இதைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓடைகளின் குறுக்கே கல்லால் தடுப்புகள் கட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். திரும்பிய தண்ணீர் நகர மதிலுக்குள் புகுந்து, மதிலை ஒட்டி வெட்டிய நீர்த்தேக்கங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இறங்கியது. இரண்டு தேக்கங்களுக்கும் இடையே விட்ட கரையே மக்கள் நடந்து போகும் பாதையாகவும் இருந்தது. இப்படிச் சிறியதும் பெரியதுமாகப் பதினாறு தேக்கங்கள் இருந்ததாக அகழாய்வாளர்கள் சொல்கிறார்கள். நகரத்தின் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று எல்லாப் பக்கமும் மதிலின் உட்புறத்தில் தண்ணீர் நின்றது.

கிழக்குத் தேக்கத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீளம் 73.4 மீட்டர், அகலம் 29.3 மீட்டர், ஆழம் 10 மீட்டருக்குச் சற்று மேல். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைவிடப் பல மடங்கு பெரியது. கீழே இறங்கக் கற்படிகள். பக்கச் சுவர்கள் மேல்பாதியில் கட்டுமானம், கீழ்ப்பாதியில் வெட்டிய பாறை. இரும்பு புழக்கத்தில் இல்லாத காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பாறையைப் பாருங்கள். செம்பும் வெண்கலமும் கல்லும்தான் அவர்கள் கையில் இருந்த கருவிகள்.

அந்த மேட்டில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அந்தத் தேக்கம் 10 மீட்டர் நிரம்பினால் ஏறக்குறைய 2 கோடி லிட்டர் தண்ணீர். அதன் வாயின் மேலேயே நேராக விழும் மழையை மட்டும் நம்பினால், ஓர் ஆண்டு மழையும் சேர்ந்து ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலாகத்தான் நிற்கும். அந்த வெயிலில் ஓர் ஆண்டில் ஆவியாகிப் போவது ஏறக்குறைய 2 மீட்டர். அதாவது வானத்திலிருந்து நேராக வருவதைப்போல் ஏழெட்டு மடங்கு வானத்துக்கே திரும்பிப் போய்விடும். வெறும் குழி வெட்டி வைத்தால் அது மாசி மாதத்துக்குள் வறண்டுவிடும்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு காரியம். ஒன்று, ஆழமாக வெட்ட வேண்டும். வெயில் மேற்பரப்பைத்தான் தின்னும், ஆழத்தை அல்ல. பரந்த ஆழமில்லாத ஏரியில் 2 மீட்டர் போனால் முழுவதும் போயிற்று. 10 மீட்டர் ஆழக் குளத்தில் 2 மீட்டர் போனாலும் எட்டு மீட்டர் மிச்சம். நம் பக்கத்து ஏரிகள் பரந்தும் ஆழம் குறைந்தும் இருக்கக் காரணம், அவை பாசனத்துக்கு ஏற்பட்டவை, ஒரு போகத்துக்குள் செலவாகிவிடும். குடிப்பதற்கு ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ள வேண்டிய தண்ணீர் வேறு. இராமநாதபுரத்துச் சீமையில் நிலத்தடி நீர் உப்பான ஊர்களில் ஊருணியை ஏன் தனியாக, ஆழமாக, கால்நடை இறங்காதபடி காத்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்குத் தோலாவிராவின் யோசனை உடனே பிடிபடும்.

இரண்டாவது, வெகு தூரத்து நிலத்திலிருந்து தண்ணீரைக் கூட்டி வர வேண்டும். பெய்யும் மழையில் நான்கில் ஒரு பங்கு நிலத்தில் ஊறாமல் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிழக்குத் தேக்கம் ஒன்றை ஒரு முறை நிரப்பவே 80 ஏக்கருக்கு மேற்பட்ட சரிவின் மழை வேண்டும். பதினாறு தேக்கங்களுக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நகர மதிலுக்குள் இருப்பதே நூற்றுச் சொச்சம் ஏக்கர்தான். ஆகவே, தோலாவிராவின் நீர்ப்பணி என்பது நாம் போய்ப் பார்க்கிற அந்தக் குளங்கள் அல்ல. மன்சரும் மன்ஹரும் தண்ணீர் திரட்டி வரும் மேட்டு நிலம் முழுவதும் அந்த நீர்ப்பணியின் பகுதி. ஓடையின் தடுப்பு, திருப்பிவிடும் வாய்க்கால், வண்டலைப் படியவிடும் தொட்டி, குளம், அடுத்த குளம் எல்லாம் சேர்ந்து ஒரே கருவி. குளம் அதன் கடைசி உறுப்பு.

வெள்ள ஓடையைக் கையாள்வது நிரந்தர ஆற்றைக் கையாள்வதைவிடக் கடினம். இதைத் துறையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், நமக்கு அவகாசம் தரும். வெள்ள ஓடை அப்படி அல்ல. மேட்டில் இடி இடித்த இரண்டு மணி நேரத்தில் கல்லையும் மரத்தையும் புரட்டிக்கொண்டு வரும். தடுப்பைப் பலமாகக் கட்டினால் உடைத்துக்கொண்டு போகும். பலவீனமாகக் கட்டினாலும் அதேதான். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மிஞ்சியது வழிந்து போக இடம் விட வேண்டும். மன்ஹரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள் இருந்த தடம் தெரிகிறது. ஒரே பெரிய அணையை நம்பாமல் பல சிறு தடுப்புகளில் வேகத்தைப் பிரித்து அடக்கியிருக்கிறார்கள். இன்று நாம் நீர்வடிப் பகுதி மேம்பாடு என்று திட்டம் தீட்டிச் செய்யும் வேலை இதுதான்.

வெள்ளத்தோடு வண்டலும் வரும். பத்து மீட்டர் ஆழக் குளம் வெள்ள ஓடையோடு இணைந்திருந்தால், தூர் வாராவிட்டால் ஒரு தலைமுறைக்குள் மேடாகிவிடும். அந்தக் குளங்கள் பல நூறு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. அப்படியென்றால் கோடைதோறும் அந்தப் படிகளில் ஆட்கள் இறங்கி மண் சுமந்திருக்க வேண்டும். அந்தப் படிகளைக் குடம் கொண்டு இறங்கும் படிகளாக மட்டும் நான் பார்க்கவில்லை. கூடை சுமந்து ஏறிய படிகளாகவும் பார்த்தேன். யார் ஆட்களைத் திரட்டியது, யார் முறை வைத்தது என்பதைக் கல் சொல்லாது. ஆனால் முறை ஒன்று இருந்தது என்பதற்கு அந்த ஆழமே சான்று.

கோட்டைக்குள் இருக்கும் கிணற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாய் 4 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம், வட்டமாகக் கல் அடுக்கியது. விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. இறைத்த தண்ணீர் கல் தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியாகக் கோட்டைக்குள் இருந்த குளியல் இடத்துக்குப் போயிருக்கிறது. அங்கேயே தரைக்கடியில் மழைநீர் வடிகால்களின் பின்னல் ஒன்று ஓடுகிறது. சில இடங்களில் ஆள் நிமிர்ந்தே நடக்கலாம். அந்த வடிகால்களைக் கழிவுநீர்ச் சாக்கடை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவை மழைநீருக்கு மட்டும் உரியவை. கோட்டையின் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த மழையை ஒரு சொட்டும் வீணாகாமல் ஒரு தேக்கத்தில் சேர்த்தார்கள். வீட்டுக் கழிவு நீருக்குத் தெருவோரம் புதைத்த சாடிகள் தனியாக இருந்தன. நல்ல தண்ணீரோடு கழிவு கலக்கக் கூடாது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. நம் நகரங்களில் மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் பிரித்து வைக்க இன்றும் போராடுகிறோம் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த நகரம் ஏன் முடிந்தது என்ற கேள்வி எப்போதும் வரும். மறைந்துபோன ஆறு ஒன்றைத் தேடும் ஆர்வம் பலருக்கு இருக்கிறது. ரண் அந்தக் காலத்தில் படகு போகக்கூடிய ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பாக இருந்தது, அதன் வழியே இவர்கள் வணிகம் நடத்தினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த நீர் பின்வாங்கியது வணிகத்தைப் பாதித்திருக்கலாம். இன்னொரு பக்கம், ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் உலகின் பல பகுதிகளில் நீண்ட வறட்சி தொடங்கியது. மேகாலயாவின் மவ்ம்லு குகையில் உள்ள கசிதுளிப் படிவத்தில் அதன் தடம் தெளிவாகப் பதிந்திருப்பதால், அப்போது தொடங்கிய புவியியல் காலத்துக்கே மேகாலயன் என்று 2018-இல் பெயர் சூட்டினார்கள். தோலாவிராவின் தளர்ச்சியும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது.

நான் ஆற்றைத் தேடும் கூட்டத்தில் இல்லை. இந்த நகரம் ஆற்றை நம்பிக் கட்டியது அல்ல என்பதை அதன் ஒவ்வொரு தேக்கமும் சொல்கிறது. பெரிய ஆறு பக்கத்தில் ஓடியிருந்தால் ஊருக்குள் இவ்வளவு பெரிய பகுதியைத் தண்ணீருக்கு ஒதுக்கியிருக்க மாட்டார்கள், பாறையை இவ்வளவு ஆழம் குடைந்திருக்கவும் மாட்டார்கள். ஆண்டில் சில நாள் மழையையும் இரண்டு ஓடைகளையும் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நகரம் நடத்தியவர்கள் அவர்கள். ஓர் ஆண்டு மழை பொய்த்தால் ஆழம் தாங்கும், இரண்டாம் ஆண்டும் ஒருவாறு தாங்கும். தொடர்ந்து பல ஆண்டுகள் பொய்த்தால் எந்தக் குளமும் தாங்காது. கடைசிக் கட்டத்தில் அங்கே திரும்பி வந்து வாழ்ந்தவர்கள் வட்டமான குடிசைகளில் இருந்தார்கள். பழைய மாளிகைக் கற்களை எடுத்துத் தங்கள் குடிசைக்கு வைத்துக்கொண்டார்கள். கட்ச் கிராமங்களில் 'புங்கா' என்ற பெயரில் இன்றும் அதே வட்ட வடிவ வீடுகளைப் பார்க்கலாம். நகரம் போனபிறகும் மனிதர் அந்த நிலத்தை விட்டு முழுதும் போகவில்லை.

இனி வேலிக்கு வருகிறேன். அகழாய்வு இடத்தைத் தொல்லியல் துறை நன்றாகவே பராமரிக்கிறது. சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. பார்வையாளர் சீட்டு வாங்கி, கோட்டையில் ஏறி, தேக்கங்களைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அடுத்த நிறுத்தம் வெள்ளை ரண், சூரியன் மறையும் காட்சி. சரணாலயம் வனத்துறையின் பொறுப்பு. அங்கே பூநாரையும் மானும் பேசப்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் இருக்கும் மன்ஹரின் தடுப்புக் கற்களைப் பற்றிப் பேச ஆளில்லை. நான் ஓடையில் இறங்கி நடந்தபோது, எந்த அறிவிப்புமின்றி அந்தக் கற்கள் முட்புதருக்குள் கிடந்தன. சீமைக் கருவேலம் ஓடைக்கரையெங்கும் பரவியிருக்கிறது. நம் ஊர்க் கண்மாய்களை அது என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்ச்சிலும் உப்பு நிலம் பரவாமல் தடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் 1960-களில் பன்னிப் புல்வெளிப் பக்கம் அதை விதைத்தார்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் தோலாவிராவுக்குக் குறித்த மரபிடப் பரப்பு 103 ஹெக்டேர். அதைச் சுற்றிய காப்பு வளையம் 4,865 ஹெக்டேர். ஒன்றுக்கு 47 மடங்கு. அந்த எண்களைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சுற்றியுள்ள நிலம் இல்லாமல் இந்த நகரம் இல்லை என்பது ஏட்டிலாவது ஏறியிருக்கிறது. ஆனால் காப்பு வளையம் என்பதை அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்ற தடையாக மட்டும் புரிந்துகொண்டால் போதாது. ஓடை ஓடையாகவே இருக்க வேண்டும். மேட்டு நிலத்தில் சாலைக்காக மண் எடுக்கும்போதும், விடுதிக்காகத் தரையைச் சமப்படுத்தும்போதும், தண்ணீர் ஓடும் வழி மாறும். உலக மரபிடம் ஆனபின் பயணிகள் கூட்டம் பெருகியிருக்கிறது. முன்பெல்லாம் புஜ்ஜிலிருந்து ராப்பர் வழியாகச் சுற்றிக்கொண்டு 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்போது காவ்டாவிலிருந்து ரண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேர்ச்சாலை வந்துவிட்டது. அந்தச் சாலை அழகானது, மறுக்கவில்லை. அது தாழ்வான ரண்ணின் நடுவே கரைபோல் நிற்கிறது. இரு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாக ஏறி இறங்கப் போதிய கண்வாய்கள் அதன் அடியில் இருக்க வேண்டும். அவை மண் அடைத்துக்கொள்ளாமல் ஆண்டுதோறும் பார்க்கவும் வேண்டும். பூநாரைக் கூட்டின் உயரம் ஓரடிக்கு அதிகமில்லை. அந்த ஓரடிக்குள்தான் குஞ்சு பிழைப்பதும் சாவதும்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களில் சிலர் கட்ச் போகத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னார்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் இது. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போங்கள், வெயில் தாங்கும்படி இருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். ஊரிலேயே ஒரு நாளாவது தங்குங்கள். காலையில் முதலில் அகழாய்வு இடத்துக்குப் போகாதீர்கள். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு மன்ஹர் ஓடைக்குப் போங்கள். அங்குள்ள வழிகாட்டிகள் பலர் அகழாய்வில் வேலை செய்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எந்தக் கல் ஓடை புரட்டிப் போட்டது, எந்தக் கல் மனிதன் வைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். என்னோடு வந்த பெரியவர், ஒரு பெருமழையின்போது தண்ணீர் எந்த மேட்டைத் தொட்டது என்பதைக் கைத்தடியால் கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோட்டிலிருந்து கிழக்குத் தேக்கத்தை நோக்கித் திரும்பிப் பார்த்தால், தண்ணீர் போன பாதை தானாகவே கண்ணில் படும். பிறகு அந்தப் பாதையிலேயே நடந்து நகரத்துக்குள் வாருங்கள். கையில் குடிதண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கிடைக்காது. ஓடையில் மான் காலடி இருந்தால் அதன்மேல் நடக்காமல் ஒதுங்கிப் போங்கள். கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தொல்லியல் துறைக்கும் வனத்துறைக்கும் நான் எழுதிய கடிதத்திலும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். ஓடையின் தடுப்புகளிலிருந்து நகரத்துக்குள் வரும் ஒரு நடைபாதையை இரண்டு துறையும் சேர்ந்து வகுக்க வேண்டும். சிமெண்ட் வேண்டாம், கம்பி வேண்டாம். கற்களைச் சுற்றி உள்ள கருவேலத்தை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். மான்கள் ஓடையைக் கடக்கும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, பாதை அவற்றை விட்டு விலகிப் போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே திரும்பியது என்று சொல்லும் பலகையைக் குஜராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் மன்ஹரின் முதல் தடுப்புக்கு அருகே வைக்க வேண்டும். பார்வையாளர் அதைப் படித்தபின் கிழக்குத் தேக்கத்தின் விளிம்புக்கு வந்து சேரட்டும்.